கண் என்ன பிடரியிலா இருக்கிறது?

வெள்ளவத்தையில் வசிக்கும் 61 வயது வாசகர் ஒருவர் தம் கையாலேயே நான்கு பக்கங்களுக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன். புறக்கோட்டையில் நெடுங்காலமாகப் புடைவைக் கடை நடத்துபவர். நீரிழிவும் பிரஷரும் உண்டு. ஐந்து மாதங்களுக்கு முன்னர் ஒரு நாள் காலையில் எழுந்தபோது "இடது கண் பாதி போனது போல" இருந்திருக்கிறது. கை கால் வழங்கியது, பேச்சும் குளறவில்லை என்பதால் கண்ணாடிக் கடைக்குப் போய்ப் புதுக் கண்ணாடிக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தலையிடி தாங்காமல் மூன்றாம் நாள் வைத்தியசாலைக்குப் போனபோதுதான், ஸ்கேன் எடுத்து, மூளையின் பின்புறத்தில் வலப் பக்கமாக இரத்தக் குழாய் அடைபட்டிருக்கிறது, இது பாரிசவாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்று முதல் இடப்பக்கத்துக் கதவு நிலையில் தோள் இடிபடுகிறது. தட்டின் இடது ஓரத்தில் வைத்த சம்பல், மனைவி தட்டைத் திருப்பி வைத்த பிறகுதான் கண்ணில் படுகிறது. கடையில் 12,400 ரூபாய்ப் பில்லை 2,400 என்று வாசித்துப் பணம் வாங்கியிருக்கிறார். மகன் அதைக் கவனயீனம் என்கிறார். ஒரு முறை "நடிக்காதீங்க அப்பா" என்றும் சொல்லிவிட்டாராம். கண்ணாடி இரண்டு தடவை மாற்றியாயிற்று. இரண்டு கண் வைத்தியர்களும் கண் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். இடது கண்ணுக்கு ஒப்பரேஷன் செய்யலாமா, மனைவி தமது கண்ணில் ஒன்றைத் தரத் தயாராக இருக்கிறாரே அதைப் பொருத்தலாமா, 1,80,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்யப்படும் கண் பயிற்சியில் சேரலாமா, மறுபடி கார் ஓட்டலாமா என்பவை அவருடைய கேள்விகள். இவற்றோடு, வீட்டில் எவருக்கும் சொல்லாத ஒன்றையும் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள ஐயா,

"வைத்தியர் கண் நல்லாயிருக்கு என்கிறார், எனக்கோ தெரியவில்லை, இதில் யார் பொய் சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. வீட்டில் பிள்ளை எதையாவது தட்டி விழுத்தினால், "கண் என்ன பிடரியிலா இருக்கிறது?" என்று ஏசுவது நம்மவர் வழக்கம். உடற்கூற்றின்படி அந்த ஏச்சில் பாதிக்கு மேல் உண்மை. கண்ணுக்குள் விழும் ஒளியை மூளை முதன்முதலில் காட்சியாக விரித்துப் பார்க்கும் இடம், பிடரிக்கு நேரே, மண்டையோட்டின் பின்சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. உங்களுக்குப் பழுதானது அந்த இடத்தின் வலப் பாதி. இரண்டு கண்களும் தம் வேலையைச் சரியாகச் செய்து, படத்தைப் பின்னால் அனுப்பிக்கொண்டேதான் இருக்கின்றன. அதில் ஒரு பாதியை வாங்கிக்கொள்ளத்தான் அங்கே ஆளில்லை.

இடது கண் அல்ல, இடது பாதி

உங்கள் கடிதம் முழுவதும் "என் இடது கண்" என்றே எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தை விளங்கிக்கொண்டால் உங்கள் கேள்விகளில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒவ்வொரு கண்ணின் விழித்திரையிலும் ஒளியை உணரும் கலங்கள் ஏறத்தாழ 12 கோடி இருக்கின்றன. ஆனால் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் உள்ள இழைகளோ பத்துப் பன்னிரண்டு இலட்சம் மட்டுமே. ஆகவே விழித்திரையே வந்ததையெல்லாம் சுருக்கித் தொகுத்துத்தான் அனுப்புகிறது. அங்கே விழும் படம் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் விழுகிறது என்பதை 1604ஆம் ஆண்டிலேயே யொஹான்னஸ் கெப்ளர் எழுதிவிட்டார். இரு கண்களின் நரம்புகளும் மூளையின் அடியில் ஒரு சந்தியில் கூடுகின்றன. மருதானையில் தண்டவாளம் மாறுவது போல, மூக்குப் பக்கத்து இழைகள் அங்கே மறு பக்கத்துக்குக் கடக்கின்றன. கன்னப் பொட்டுப் பக்கத்து இழைகள் கடக்காமல் தம் பக்கத்திலேயே தொடர்கின்றன. இந்தப் பாதி மாற்றத்தால், உங்களுக்கு இடப்பக்கமாக உள்ள உலகம், அதை எந்தக் கண் பார்த்தாலும், வலப்பக்க மூளைக்கே போய்ச் சேருகிறது. ஆகவே வலப்பக்க மூளையின் பின்பகுதி அடிபட்டால் இரண்டு கண்களிலும் இடது பாதி மறைகிறது. இடது கண்ணின் இடது பாதி பெரியது என்பதால் அந்தக் கண் மட்டும் கெட்டுவிட்டது போலத் தோன்றும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். மனைவியை ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரத்தில் எதிரே உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் அவருடைய மூக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க, அவர் தமது வலக் கையைப் பக்கவாட்டில் நீட்டி விரல்களை அசைக்கட்டும். முதலில் உங்கள் வலக் கண்ணை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். பிறகு இடக் கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு தடவையும் வளையல் சத்தம் கேட்கும், கை தெரியாது. இடக் கண் மட்டும் கெட்டிருந்தால், அதை மூடியவுடன் வலக் கண்ணுக்குக் கை தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். சிலருக்குக் கை தெரியாவிட்டாலும் "அங்கே ஏதோ அசைகிறது" என்று மட்டும் தட்டுப்படும். முதலாம் உலகப் போரில் தலையில் காயம்பட்ட போர்வீரர்களிடம் இதைக் கண்ட ஜோர்ஜ் ரிடொக் 1917இல் பதிவு செய்திருக்கிறார். அப்படித் தட்டுப்பட்டாலும் நடிப்பென்று ஆகாது.

மூளையின் எந்த மூலை அடிபட்டால் பார்வையின் எந்த மூலை போகும் என்ற வரைபடத்தை வைத்தியர்கள் அறிந்ததும் போர்க்களக் காயங்களிலிருந்துதான். 1904-05இல் ரஷ்யாவும் ஜப்பானும் மோதியபோது, மண்டையைத் துளைத்துச் சென்ற தோட்டாவுக்குப் பின்னும் உயிர் பிழைத்த வீரர்களின் பார்வை இழப்பை, ஓய்வூதியம் நிர்ணயிப்பதற்காக, தத்சுஜி இனொயே என்னும் இளம் கண் வைத்தியர் அளந்தார். தோட்டா புகுந்த துளையையும் வெளியேறிய துளையையும் இணைத்துக் கணக்கிட்டு அவர் வரைந்த வரைபடம் 1909இல் வெளியானது. அந்த வீரர்களிலும் கண் பழுதில்லாமல் பார்வை மட்டும் போனவர்கள் இருந்தார்கள்.

மறைந்த பாதி ஏன் கறுப்பாக இல்லை

மகனின் சந்தேகத்துக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பாதி தெரியாவிட்டால் பாதி இருட்டாக இருக்கும், அதை ஒருவர் உடனே உணர்வார் என்று அவர் எண்ணுகிறார். உங்களுக்கோ இருட்டு எதுவும் இல்லை. இப்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன நிறம் தெரிகிறது என்று மகனிடம் கேளுங்கள். கறுப்பு என்று சொல்ல மாட்டார். ஒன்றுமே இல்லை என்பார். உங்கள் இடது பாதியும் அப்படிப்பட்ட இல்லாமைதான்.

நம் எல்லோருக்குமே இந்த இல்லாமை சிறிதளவு உண்டு. பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளி உணரும் கலமே கிடையாது. பிரான்ஸைச் சேர்ந்த மரியொட் 1660களில் இந்தக் குருட்டுப் புள்ளியைக் கண்டு சொல்லும் வரை மனித குலம் அதை அறியாமலே இருந்தது. வலப்பக்கப் பார்வை உங்களுக்கு முழுமையாக இருப்பதால், இதை நீங்களும் செய்து பார்க்கலாம். வெறும் சுவருக்கு எதிரே நின்று, இரு கைகளையும் நீட்டி, பெருவிரல்களை அருகருகே நிமிர்த்துங்கள். இடக் கண்ணை மூடி, வலக் கண்ணால் இடக் கைப் பெருவிரலையே பார்த்தபடி, வலக் கையை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் நகர்ந்ததும் அந்தப் பெருவிரலின் நகம் காணாமற் போகும். அந்த இடத்தில் ஓட்டை தெரியாது; சுவரின் நிறமே தெரியும். துணியின் சிறு கிழிசலை அதே நிற நூலால் இழையோடி மறைக்கிற கைத்திறன் மூளைக்கு இருக்கிறது. உங்கள் விடயத்தில் கிழிசல் பெரிது. அதைத் தைக்க முடியாமல், இருக்கும் துணியையே முழுத் துணி என்று மூளை உங்களிடம் நீட்டிவிடுகிறது. ஆகவேதான் 12,400 என்பது முன் இலக்கம் அழிந்த எண்ணாகத் தெரியாமல், குறையில்லாத 2,400 ஆகத் தெரிகிறது. பார்ப்பவருக்கு அதைச் சந்தேகிக்க எந்த நியாயமும் இல்லை. இதை மகனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கையை நீட்டினால் பெருவிரல் நகம் மறைக்கும் அளவான சிறு வட்டத்தைத்தான் எவரும் கூர்மையாகப் பார்க்க முடியும். கண் ஒரு வினாடிக்கு மூன்று தடவையளவில் துள்ளித் துள்ளி அந்த வட்டத்தை நகர்த்துகிறது. அந்தத் துண்டுகளை ஒட்டித்தான் முழு அறையையும் ஒரே பார்வையில் கண்ட மயக்கத்தை மூளை உண்டாக்குகிறது. அடுத்து எங்கே துள்ளுவது என்பதை ஓரப் பார்வைதான் சொல்லிக் கொடுக்கிறது. இடது ஓரம் இல்லாதபோது, ஒரு வரி முடிந்து அடுத்த வரியின் தலைக்குத் திரும்பும் கண், பாதியிலேயே இறங்கிவிடுகிறது. பஸ் பலகையில் "வெள்ளவத்தை" வெறும் "வத்தை" ஆவதும், பத்திரிகை வாசிப்பது வேதனையாகிப் போனதும் இதனால்தான். ஆனால் கண்ணைத் துள்ளவைக்கும் தசைகளும் நரம்புகளும் உங்களுக்குப் பழுதில்லை. தேறுவதற்கான வழி அங்கேதான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தின் ஓரம்

ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் மேல் வரி ஓரத்தை ஒட்டித் தொடங்குகிறது. கீழே போகப் போக இடது ஓரம் அகன்று, கடைசி வரிகள் தாளின் நடுவுக்கு அருகில் தொடங்குகின்றன. பார்வையின் பாதி மறைவது ஒன்று. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுக்காமல் விடுவது வேறொன்று. வலப்பக்க மூளை அடிபட்டவர்களிடம் இந்த இரண்டும் சேர்ந்தே வரலாம். முன்னையவர் தம் குறையை அறிந்து தலையைத் திருப்பிக்கொள்வார். பின்னையவர் முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் சவரம் செய்துவிட்டு வேலை முடிந்தது என்பார். நீங்கள் இடிபடுவதை உணர்ந்து எழுதியிருப்பதால் முன்னையதே பிரதானம் என்று நினைக்கிறேன். எனினும் ஒரு வெற்றுத் தாளில் மணிக்கூட்டு முகத்தை வரைந்து, பன்னிரண்டு எண்களையும் இட்டு, நரம்பியல் வைத்தியரிடம் அதைக் காட்டுங்கள். எண்கள் எல்லாம் வலப்பக்கமே குவிந்திருந்தால் பயிற்சியின் வகையே மாறும்.

மாலையில் வரும் பிள்ளைகள்

வெளிச்சம் மங்கும் நேரத்தில், பூப்போட்ட சட்டை அணிந்த சின்னப் பிள்ளைகள் இடப்பக்கம் வந்து நிற்கிறார்கள், பேசுவதில்லை, திரும்பிப் பார்த்தால் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உறவினர் ஒருவர் கழிப்புக் கழிக்கச் சொன்னது மனைவிக்கு வேறு காரணத்துக்காக என்றாலும், உங்களுக்கு அது உறுத்துகிறது. ஐயா, உங்களுக்குப் பைத்தியமும் இல்லை, பேயும் பிடிக்கவில்லை. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த சார்ள்ஸ் பொன்னே என்பவர் 1760இல், வெண்புரையால் பார்வை மங்கிய தமது பாட்டனார் மனிதர்களையும் பறவைகளையும் வண்டிகளையும் கட்டடங்களையும் காண்பதாகவும், அவை உண்மையல்ல என்று பாட்டனாரே தெளிவாக அறிந்திருப்பதாகவும் எழுதி வைத்தார். செய்தி வராமல் சும்மா இருக்கும் பார்வை மூளை, தானே படம் போட்டுக் காட்டுகிறது. பாரிசவாதத்துக்குப் பின் மறைந்த பாதியிலும் இது நேர்வதுண்டு. அவை ஓசையின்றி வருவதும், நிஜமல்ல என்று நீங்களே அறிந்திருப்பதும் நல்ல அறிகுறிகள். மாலையில் விளக்கை நேரத்தோடு போடுங்கள்; வந்தால், கண்ணை இடமும் வலமுமாகச் சில தடவை வேகமாக அசையுங்கள். பெரும்பாலும் காலப்போக்கில் குறைந்துவிடும்.

ஆனால் இதை வைத்தியரிடம் சொல்லாமல் விடக் கூடாது. ஒரே காட்சி, ஒரே மாதிரி, சில வினாடிகள் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. பிள்ளைகள் பேசத் தொடங்கினாலோ, அவர்கள் உண்மையாகவே வந்திருக்கிறார்கள் என்று தோன்றினாலோ தாமதிக்காமல் போங்கள். மனைவியிடமும் சொல்லிவிடுங்கள். கோயிலுக்குப் போய் மனம் ஆறுவதில் எனக்கு மறுப்பில்லை. கழிப்புக்குப் பெருந்தொகை கேட்டால் மட்டும் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் கேட்ட நான்கு

ஒப்பரேஷனால் இடது பாதி திரும்பாது. உங்கள் வயதில் சிறிது வெண்புரை இருக்கக்கூடும். அது வாசிப்பை மங்கச் செய்யுமளவுக்கு வளர்ந்திருந்தால் அதற்காகச் செய்யலாம், இடது பாதிக்காகச் செய்ய வேண்டாம். மூன்றாவது கண்ணாடியும் வேண்டாம்.

மனைவியின் அன்பு பெரிது, ஆனால் அவருடைய கண்ணால் உங்களுக்குப் பயன் இல்லை. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கத்தால் கண்தானம் என்பது நம் நாட்டில் வீட்டுச் சொல்லாகிவிட்டது. ஆனால் அங்கே தானமாகப் பெறப்படுவது இறந்தவரின் கண். அதிலிருந்து பொருத்தப்படுவதும் விழிவெண்படலம் என்னும் கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலமே. அந்தப் படலம் உங்களுக்குக் கெடவில்லை. 2023இல் நியூயோர்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணையுமே பொருத்தினார்கள். கண் உயிரோடு இருந்தது, பார்வை வரவில்லை. கண்ணுக்கும் மூளைக்கும் இடையிலான அந்த இலட்சக்கணக்கான இழைகளை மறுபடி இணைக்க இன்னும் எவராலும் இயலவில்லை.

கண் பயிற்சி விளம்பரத்தில் "இழந்த பார்வை மீளும்" என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தானாக மீள்வதில் பெரும் பங்கு முதல் மூன்று மாதங்களுக்குள் நிகழ்ந்துவிடும். அதற்குப் பிறகு, மறைந்த பகுதியையே திரும்பக் கொண்டுவருவதாகக் கூறும் முறைகளுக்கு உறுதியான சான்று போதாது. அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பலன் தருவது, இருக்கும் பார்வையை இடப்பக்கம் வீசப் பழகுவது. அதற்குச் செலவு அதிகமில்லை. ஓர் இடத்துக்குள் நுழையும்போது முதலில் தலையையும் கண்ணையும் இடது கோடிவரை கொண்டுபோய், அங்கிருந்து வலப்பக்கம் வாருங்கள். வலையை முதலில் தூர எறிந்துவிட்டுப் பிறகு இழுப்பது போல. பில் புத்தகத்தின் இடது விளிம்பில் சிவப்பு நாடா ஒட்டுங்கள். சிவப்பைக் காணும் வரை எண்ணை வாசிக்காதீர்கள். காலி வீதியில் நடக்கும்போது மனைவி உங்கள் இடப்பக்கம் வரட்டும். இந்தப் பயிற்சியை முறையாகக் கற்றுத்தர, அரச வைத்தியசாலைகளின் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் அனுப்பும்படி உங்கள் வைத்தியரைக் கேட்கலாம். கண்ணாடியில் அரியம் (ஒளியை வளைக்கும் சிறு துண்டு) ஒட்டி இடப்பக்கக் காட்சியைச் சற்று உள்ளே இழுக்கும் முறையும் சிலருக்கு உதவுகிறது. பணம் கொடுக்கும் முன் சில நாள் அணிந்து பார்க்க இடம் தருகிறார்களா என்று கேளுங்கள். குழிந்த கிண்ணம் போன்ற கருவிக்குள் ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் பார்வைப் புலப் பரிசோதனை உங்களுக்குச் செய்யப்பட்டதாகக் கடிதத்தில் இல்லை. அதைச் செய்து தரும்படி கேளுங்கள். அறிக்கையின் பிரதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கும், கடைக் கணக்கு தவறியதைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் காட்டுவதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை.

கார் ஓட்ட வேண்டாம். இதில் நான் தயங்கவில்லை. நம் வீதிகளில் வாகனம் இடப்பக்கமாக ஓடுகிறது. நடைபாதையிலிருந்து இறங்கும் பிள்ளையும், இடப்பக்கமாக நுழையும் ஓட்டோவும் உங்களுக்கு இல்லாத பாதியிலிருந்தே வரும். பிரித்தானியாவில் சாரதிக்குக் குறைந்தது 120 பாகை அகலப் பார்வை வேண்டும் என்று விதி இருக்கிறது; பாதி மறைந்தவர் அதற்குள் அடங்கமாட்டார். அனுமதிப்பத்திரம் காலாவதியாகவில்லை என்பது ஓட்டலாம் என்பதற்கு உத்தரவாதமல்ல. தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் சான்றிதழுக்குப் போகும் நாள் வந்தால், பாரிசவாதம் வந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காதது

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், இரத்தத்தை இளகச் செய்யும் குளிசை "கண்ணுக்குச் சூடு" என்று ஒருவர் சொன்னதால் இரண்டு வாரமாக நிறுத்தியிருப்பதாக ஒரே வரியில் எழுதிப் போயிருக்கிறீர்கள். நான்கு பக்கங்களில் என்னைக் கலங்கவைத்த வரி அதுதான். குளிசை கண்ணைச் சுடாது. நிறுத்துவதால் இன்னொரு குழாய் அடைபடலாம். அடுத்த அடைப்பு இடப்பக்க மூளையின் பின்புறத்தில் வந்தால், மிஞ்சியிருக்கும் வலது பாதியும் போய்விடும். கடிதம் கண்ட அன்றே உங்கள் வைத்தியரோடு பேசி மறுபடி தொடங்குங்கள். பிரஷரையும் சீனியையும் அளந்து எழுதிவையுங்கள். இதயத் துடிப்பு ஒழுங்கின்றி இருக்கிறதா என்று ஈ.சி.ஜி. பார்த்தார்களா என்றும் கேளுங்கள். இனிப் பார்வையில் திடீரென்று எந்த மாற்றம் வந்தாலும், கை கால் வழங்கினாலும் சரி, கண்ணாடிக் கடைக்குப் போகாமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டியது.

அடுத்த கடிதத்தை எழுதும்போது தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்துவிட்டு, ஒவ்வொரு வரியையும் அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்துத் தொடங்குங்கள். முதல் வரியில், குளிசையை மறுபடி எடுக்கத் தொடங்கிய திகதியை எழுதுங்கள்.